சட்டைப்பையைக் காலி செய்வோம்

மாணவர்களே, பள்ளி விடுமுறை நெருங்கும்போதே பல வீடுகளில் கேளிக்கைப் பூங்காவைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். சிலாங்கூரில் உள்ளவர்களுக்குச் சன்வே லகூன் பழகிய இடம். ஜொகூரில் லெகோலேண்ட் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கெந்திங் மலையில் ஸ்கைவோர்ல்ட்ஸ் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் செல்பவர்கள் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவிற்கும் செல்வதுண்டு.

இத்தகைய பயணத்திற்கு முன் நாம் பலவற்றைத் திட்டமிடுகிறோம். நுழைவுச்சீட்டு எங்கே வாங்குவது, எந்தச் சவாரியில் முதலில் ஏறுவது, எந்த உடையை அணிவது என்றெல்லாம் பேசுகிறோம். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் பூங்காவின் வாசலுக்குச் சென்ற பிறகுதான் நினைக்கிறோம். சவாரியில் ஏறும்போது கையிலுள்ள பையை என்ன செய்வது? சட்டைப்பையிலுள்ள கைப்பேசி, சாவி, காசு ஆகியவற்றை எங்கே வைப்பது?

“தொலைந்தால் என் பொருள்தானே தொலையும், மற்றவருக்கு என்ன?” என்று சிலர் எண்ணலாம். இந்த எண்ணம் சரியானதுதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பொருள் ஏன் பறக்கிறது?

நீங்கள் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்திருப்பீர்கள். ஓட்டுநர் திடீரெனப் பேருந்தை நிறுத்தினால் என்ன நிகழும்? நின்றிருப்பவர்கள் அனைவரும் முன்பக்கமாகச் சாய்வார்கள். பேருந்து நின்றுவிட்டது, ஆனால் உள்ளே இருப்பவர்களின் உடல், சென்றுகொண்டிருந்த திசையிலேயே தொடர்ந்து செல்ல முயல்கிறது. இயங்கும் பொருள் அதே வேகத்திலும் அதே திசையிலும் இயங்கிக்கொண்டே இருக்க முனையும் இந்தப் பண்பை நிலைமம் என்று அறிவியல் கூறுகிறது. ஐசக் நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கிய மூன்று இயக்க விதிகளுள் முதல் விதி இதைப் பற்றியதே.

இனி, ரோலர் கோஸ்டரை எண்ணிப் பாருங்கள். வண்டி உச்சியை அடைந்து, சட்டெனக் கீழ்நோக்கிப் பாய்கிறது. அக்கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு ஏற்படும். வண்டி கீழே வளைந்து இறங்க, நம் உடல் சென்ற திசையிலேயே செல்ல முயல்வதுதான் அதற்குக் காரணம். நம்மை இருக்கையோடு பிடித்து வைத்திருப்பவை பாதுகாப்புத் தண்டும் இடைவாருமே. அவை இல்லாவிட்டால் நாமும் இருக்கையைவிட்டு எழும்பிவிடுவோம்.

நம்மைப் பிடித்து வைக்கத் தண்டு இருக்கிறது. நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. விளையாட்டுக் காற்சட்டையின் பக்கப்பை ஆழமற்றது. வழுவழுப்பான துணியால் ஆனது. நாம் அமர்ந்தவுடன் அதன் வாய் சாய்ந்து, விரிந்துவிடுகிறது. வண்டி தலைகீழாகச் சுழலும்போதும் பக்கவாட்டில் திரும்பும்போதும் பையிலுள்ளவை ஒவ்வொன்றாக நழுவும். தொப்பியையும் மூக்குக்கண்ணாடியையும் காற்றே பறித்துச் சென்றுவிடும்.

“நான் கைப்பேசியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வேன்” என்று சிலர் சொல்வர். வண்டி திடீரெனத் திரும்பும்போது அச்சத்தில் நம் கை தானாகவே தண்டைப் பற்றும். அவ்வேளையில் விரல்களில் எது இருந்தாலும் அது விடுபட்டுவிடும். ஆகவே, உறுதியான கை என்று நம்மை நாமே நம்புவது பயன் தராது.

ஒரு சிறு கணக்கு

ஒரு கைப்பேசியின் எடை ஏறக்குறைய 200 கிராம் எனக் கொள்வோம். அது 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றின் உயரம் இதற்கும் மேற்பட்டதாகும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அந்தக் கைப்பேசி மூன்று வினாடிகளுக்குள் தரையை அடைந்துவிடும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அதாவது, மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரையும் மகிழுந்தின் வேகம் அது.

உண்மையில் காற்றின் தடை அந்த வேகத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால், கைப்பேசி விழும்போது அசையாமல் இருந்த இடத்திலிருந்து விழுவதில்லை. வண்டி சென்றுகொண்டிருந்த வேகமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. எனவே, அது நேர்க்கீழே விழாமல் வளைந்து பறந்து, எதிர்பாராத இடத்தில் போய் விழும். கையில் வைத்திருக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் பொருள், அந்த உயரத்திலும் வேகத்திலும் எறியப்பட்ட கல்லாக மாறிவிடுகிறது.

அப்பொருள் விழும் இடத்தில் யார் இருப்பார்கள்? பூங்காக்களில் தண்டவாளங்கள் நடைபாதைகளுக்கு மேலும், வரிசையில் காத்திருப்போருக்கு அருகிலும் செல்வதுண்டு. அதனால்தான் பல இடங்களில் தண்டவாளத்தின் அடியில் வலை கட்டப்பட்டிருக்கிறது. வலை இருந்தாலும், எல்லாத் திசைகளிலும் பறக்கும் எல்லாப் பொருள்களையும் அது பிடித்துவிடும் என்று சொல்ல இயலாது. ஒரு சிறு சாவியோ நாணயமோ வலையின் கண்களுக்கிடையே புகுந்து விழலாம். கீழே நிற்பவர் தன் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் தந்தையாகவும் இருக்கலாம்.

ஓர் உண்மை நிகழ்வு

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் பூங்கா ஒன்றில் டிராகன் சேலஞ்ச் என்னும் ரோலர் கோஸ்டர் இருந்தது. அதில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பின்னிச் சென்றன. இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மோதிவிடுவது போல மிக அருகில் ஒன்றையொன்று கடந்து செல்லும். அதுவே அச்சவாரியின் சிறப்பாகக் கருதப்பட்டது.

2011ஆம் ஆண்டில், சில நாள் இடைவெளியில், அச்சவாரியில் சென்ற இருவர் பறந்து வந்த பொருள் தாக்கிக் காயமடைந்தனர். அவர்களுள் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டு அக்டோபரில், இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையைப் பூங்கா நிறுத்தியது. 2015ஆம் ஆண்டில் இச்சவாரி உட்பட அங்குள்ள சில ரோலர் கோஸ்டர்களின் நுழைவிடத்தில் உலோகம் கண்டறியும் கருவிகள் பொருத்தப்பட்டன. பையில் சாவியோ நாணயமோ கைப்பேசியோ இருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால்தான் ஏற இயலும்.

இந்நிகழ்விலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். காயமடைந்தவர்கள் தவறு ஏதும் செய்யவில்லை. இருக்கையில் முறையாக அமர்ந்திருந்தனர், தண்டும் பூட்டப்பட்டிருந்தது. விதியைச் சரியாகப் பின்பற்றியவரும்கூட வேறோர் இடத்திலிருந்து பறந்து வந்த பொருளால் துன்புற நேர்ந்தது. “என் பொருள், என் இழப்பு” என்னும் எண்ணம் ஏன் தவறானது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

விழுந்த பிறகு வரும் பேராபத்து

பொருள் விழுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. விழுந்த பொருளை நாமே எடுக்கச் செல்வதுதான் அது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்னும் பூங்கா உள்ளது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அங்கே ஒருவர் ராப்டர் என்னும் ரோலர் கோஸ்டரில் சென்றபோது தவறவிட்ட உடைமையைத் தேடி, தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வேலி தாண்டிச் சென்றார். ஓடிக்கொண்டிருந்த வண்டி மோதி அவர் உயிரிழந்தார். அதே மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இதே போன்ற விபத்து மீண்டும் நிகழ்ந்தது. பான்ஷீ என்னும் ரோலர் கோஸ்டரின் வேலிக்குள் சென்ற ஒருவர் வண்டி மோதி இறந்தார். சவாரியின்போது விழுந்த சாவியை எடுக்க அவர் சென்றதாகக் கூறப்பட்டது.

அவர்கள் இருவரும் சிறுவர்கள் அல்லர், வளர்ந்தவர்கள். இருப்பினும் அபாயத்தை ஏன் உணரவில்லை? ராப்டர், பான்ஷீ ஆகிய இரண்டும் தொங்கு வகை ரோலர் கோஸ்டர்கள். இவ்வகையில் தண்டவாளம் மேலே இருக்கும். வண்டி அதற்குக் கீழே தொங்கும். பயணிகளின் கால்கள் அதற்கும் கீழே அந்தரத்தில் இருக்கும். தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால், தண்டவாளம் தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் தமக்கு ஆபத்தில்லை என்று நினைக்கக்கூடும். வண்டி வரும்போதுதான், அது தாம் நிற்கும் உயரம்வரை தாழ்ந்து வருகிறது என்பது புரியும். அந்த வேகத்தில் வரும் வண்டியிலிருந்து விலக நேரமிருக்காது.

மேலும், ரோலர் கோஸ்டர் வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. பாதையில் ஒருவர் நிற்பதைக் கண்டு நிறுத்துவதற்கு வண்டியில் எவரும் இல்லை. உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிய வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தவும் இயலாது. தடைக்கருவிகள் அமைக்கப்பட்ட குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அதை நிறுத்தலாம். இவ்வாறு ஒருவர் குறுக்கே செல்லும்போது, தொங்கிக்கொண்டிருக்கும் கால்களையுடைய பயணிகளும் காயமடைய நேரிடும்.

எனவே, பொருள் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே. அருகிலுள்ள பணியாளரிடம் சென்று, என்ன பொருள், எந்தச் சவாரியில், ஏறத்தாழ எந்த நேரத்தில் விழுந்தது என்பதைத் தெரிவியுங்கள். சவாரியை முறைப்படி நிறுத்திய பிறகு, பயிற்சி பெற்றவர்கள் அதை எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் பூங்கா மூடும் நேரம்வரை காத்திருக்க வேண்டிவரும். சில வேளைகளில் மறுநாள்தான் கிடைக்கும். உடைந்தும் கிடைக்கலாம், கிடைக்காமலே போகலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம். வேலியைத் தாண்டுவதை எக்காரணத்திற்காகவும் ஏற்றுக்கொள்ள இயலாது.

காணொளி காட்டாத பக்கம்

2019ஆம் ஆண்டில் ஒரு காணொளி உலகெங்கும் பரவியது. ஸ்பெயின் நாட்டின் போர்ட்அவெஞ்சுரா பூங்காவில் ஷம்பாலா என்னும் ரோலர் கோஸ்டரில், முன்னால் இருந்தவரின் கையிலிருந்து நழுவிய கைப்பேசியை, பின்னால் அமர்ந்திருந்த நியூசிலாந்து நாட்டவர் ஒருவர் காற்றிலேயே பிடித்துவிட்டார். கண்டவர்கள் கைதட்டி மகிழ்ந்தனர்.

அக்காட்சி வியப்பூட்டுவது உண்மையே. ஆயினும், நாம் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அவர் கைநீட்டியது ஒரு நொடி தாமதித்திருந்தால் அந்தக் கைப்பேசி எங்கே சென்றிருக்கும்? அவருடைய முகத்தையோ பின்வரிசையில் இருந்தவரின் கண்ணையோ தாக்கியிருக்கலாம். நல்ல முடிவு ஏற்பட்டதால்தான் நாம் அதைச் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். தற்செயலாகத் தப்பியதைத் திறமை என்று நம்பி, நாமும் அதுபோல் படம்பிடிக்க முயல்வது அறியாமையாகும்.

உடலோடு ஒட்டியிருப்பவை

பையிலும் கையிலும் உள்ள பொருள்களைப் போலவே, நாம் அணிந்திருப்பவற்றிலும் கவனம் தேவை. அவை பறப்பதோடு சிக்கிக்கொள்ளவும் கூடும்.

புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன், 1927ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரில் திறந்த மகிழுந்து ஒன்றில் சென்றார். அவர் அணிந்திருந்த நீண்ட கழுத்துத்துணி வண்டியின் சக்கரத்தில் சிக்கியதால் அவர் உயிரிழந்தார். கேளிக்கைப் பூங்காக்களில் நாம் ஓட்டும் சிறு பந்தய வண்டிகளும் திறந்தவையே. துப்பட்டா, நீண்ட பின்னல், தொங்கும் கயிறு ஆகியவை சக்கரத்திலோ இயந்திரப் பகுதியிலோ சிக்கும் வாய்ப்புண்டு. ஆகவே, துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வருவதோ, பெட்டகத்தில் வைப்பதோ நல்லது. நீண்ட கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும்.

கழுத்தில் மாட்டும் அட்டைக் கயிறு, நீர்புகாத உறையோடு கூடிய கைப்பேசிக் கயிறு ஆகியவற்றையும் கழற்ற வேண்டும். நீர்ச்சறுக்கில் செல்லும்போது அக்கயிறு எங்கேனும் மாட்டினால் கழுத்தை இறுக்கும். கொலுசு, வளையல், தொங்கட்டான் போன்ற அணிகலன்கள் அறுந்து விழவும் மற்றவரின் தோலைக் கீறவும் கூடும். விலையுயர்ந்த நகையைப் பூங்காவிற்கு அணிந்து செல்லாமல் இருப்பதே எல்லாவற்றிலும் எளிய வழி.

நீர்ப்பூங்காவில் உடையிலுள்ள உலோகப் பொத்தானும் இழுவைப்பூட்டும்கூட கவனத்திற்குரியவை. அவை சறுக்குப் பாதையின் வழுவழுப்பான பரப்பைக் கீறிவிடும். பின்னால் வருபவரின் உடலை அந்தக் கீறல் கிழிக்கும். நீச்சலுக்குரிய உடையை அணியுமாறு நீர்ப்பூங்காக்கள் கேட்டுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்க்க இயலாதவர்கள், பூங்காவின் விதி அனுமதித்தால், தலைக்குப் பின்னால் இறுக்கும் வாரை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். கால் தொங்கும் சவாரிகளில் ஜப்பான் சிலிப்பர் எளிதில் கழன்று விழும். எனவே, பின்வார் உள்ள காலணியை அணிந்து செல்வது நலம்.

மூன்று பங்காகப் பிரிப்போம்

பயணத்திற்கு முந்தைய இரவில், எடுத்துச் செல்ல நினைக்கும் பொருள்களையெல்லாம் மேசைமீது பரப்பி வையுங்கள். பிறகு, அவற்றை மூன்று பங்காகப் பிரியுங்கள்.

முதற்பங்கு, வீட்டிலேயே இருக்க வேண்டியவை. நகை, தேவைக்கு மிகுதியான பணம், அன்றைய நாளுக்குத் தேவையற்ற அட்டைகள், பயன்படாத சாவிகள் ஆகியவை இதில் அடங்கும். ஒரு சாவிக்கொத்தில் ஆறு சாவிகள் இருந்தாலும், அன்று தேவைப்படுவது வீட்டுச் சாவி ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாம் பங்கு, பெட்டகத்தில் வைக்க வேண்டியவை. மாற்றுடை, துவாலை, தண்ணீர்ப்புட்டி, குடை, கைப்பேசி, பணப்பை முதலியன இப்பங்கைச் சேரும். மலேசியாவில் 12 வயதை எட்டியவர்கள் மைகார்டு அடையாள அட்டையைப் பெறுகிறார்கள். அதைத் தொலைத்தால் புதிய அட்டைக்காக அலைய வேண்டியிருக்கும். எனவே, பையின் உட்புறத்தில் இழுவைப்பூட்டு உள்ள அறையில் அதை வையுங்கள்.

மூன்றாம் பங்கு, உடலோடு இருக்க வேண்டியவை. இப்பங்கு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இழுவைப்பூட்டு உள்ள பையில் சிறிதளவு பணமும், ஆசிரியர் அல்லது பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய தாளும் போதும். “எண் கைப்பேசியில்தான் இருக்கிறதே” என்று கேட்கலாம். கைப்பேசியே தொலைந்துவிட்டால் அந்த எண்ணை எங்கிருந்து பெறுவது? அதனால், தாளில் எழுதி வைப்பது இன்றும் பயனுள்ள பழக்கமே.

மூச்சிழுப்பு நோய்க்கான இன்ஹேலர் போன்ற அவசர மருந்து வைத்திருப்போர், அதைத் தொலைவிலுள்ள பெட்டகத்தில் பூட்டக்கூடாது. சவாரியில் ஏறாமல் வெளிவாசலில் காத்திருக்கும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வையுங்கள். சவாரிப் பணியாளரிடமும் இதைத் தெரிவிப்பது நன்று.

பைமீது பெரிய எழுத்தில் பெயர் எழுதுவதைத் தவிர்த்து, உட்புறத்தில் எழுதுங்கள். வெளியே பெயரைப் படித்த அந்நியர் ஒருவர் உங்களைப் பெயர் சொல்லி அழைத்தால், தெரிந்தவர் என்று நீங்கள் ஏமாற வாய்ப்புண்டு.

பெட்டகமும் பையைக் காப்பவரும்

லாக்கர் எனப்படும் பாதுகாப்புப் பெட்டகம் பெரும்பாலான பூங்காக்களில் உண்டு. சில பெட்டகங்களை நாள் முழுவதற்கும் வாடகைக்கு எடுக்கலாம். சில, சவாரிக்கு அருகிலேயே குறிப்பிட்ட நேரம்வரை கட்டணமின்றிக் கிடைக்கும். நேரம் கடந்தால் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே, பூட்டுவதற்கு முன் அறிவிப்பைப் படியுங்கள். பெட்டகத்தின் எண்ணையும் அது இருக்கும் இடத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கடவு எண் அமைக்க வேண்டியிருந்தால் பிறந்தநாளைத் தவிர்த்து வேறோர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்கள் பலர் சேர்ந்து ஒரு பெட்டகத்தை எடுத்தால், சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்கு எல்லாரும் அங்கே கூடுவது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

பெட்டகத்திற்குச் செலவு செய்யத் தயங்குவோர் பையை நீள்இருக்கையில் வைத்துவிட்டுச் செல்வதுண்டு. இது இருவகையில் தவறு. பை திருடு போகலாம் என்பது ஒன்று. கேட்பாரற்றுக் கிடக்கும் பையை ஆபத்தான பொருளாகக் கருதிப் பாதுகாவலர்கள் அவ்விடத்திலிருந்து மக்களை அகற்றவும் நேரலாம் என்பது மற்றொன்று. ஒருவரின் கவனக்குறைவு பலரின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிடும்.

இன்னும் சில குழுக்கள் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. “உனக்குத்தான் உயரம் என்றால் பயமாயிற்றே! எங்கள் பைகளைப் பார்த்துக்கொள்” என்று ஒருவரிடமே எல்லாப் பைகளையும் ஒப்படைத்துவிடுகின்றனர். காலையில் அவரிடம் ஒரு பை இருக்கும்; நண்பகலில் ஆறு பைகள் சேர்ந்துவிடும். அவர் நீர் அருந்தச் செல்ல இயலாது. கழிவறைக்கும் செல்ல இயலாது. நாள் முழுவதும் வெயிலில் அமர்ந்து நண்பர்களின் சிரிப்பொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அவரும் நுழைவுச்சீட்டிற்குப் பணம் செலுத்தித்தானே வந்தார்?

சவாரியில் ஏற விரும்பாதது ஒரு குறையன்று. அதைக் காரணம் காட்டி ஒருவரைப் பை தாங்கியாக ஆக்குவது நட்புக்கு அழகன்று. பைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நண்பருக்குப் பிடித்த சவாரி எது என்று கேட்டு, அங்கும் அனைவரும் செல்லுங்கள். பெட்டகக் கட்டணத்தை ஆறு பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் சில ரிங்கிட்தான் வரும்.

மற்றவரின் பொருளைக் கண்டெடுத்தால், உள்ளே யாருடையது என்று துழாவிக்கொண்டிராமல் பணியாளரிடமோ வாடிக்கையாளர் சேவை முகப்பிடத்திலோ ஒப்படையுங்கள். தம் பொருளைத் தேடி வருபவர் முதலில் செல்லும் இடம் அதுதான்.

ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம்

சவாரியில் அமருவதற்கு முன் தலை முதல் கால்வரை ஒருமுறை சோதித்துக்கொள்ளும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி, கண்ணாடி உண்டா? கழுத்தில் கயிறு, துணி உண்டா? கையில் தளர்ந்த கடிகாரம் உண்டா? சட்டைப்பையிலும் காற்சட்டைப்பையிலும் ஏதேனும் உண்டா? காலணி இறுக்கமாக உள்ளதா? இச்சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சில வேளைகளில், தண்டு பூட்டப்பட்ட பிறகே சட்டைப்பையில் கைப்பேசி இருப்பது நினைவுக்கு வரும். அப்போது வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். உடனே கையை உயர்த்திப் பணியாளரை அழையுங்கள். வண்டி புறப்படுவது சற்றுத் தாமதமாகலாம்; பின்னால் இருப்போர் முணுமுணுக்கலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பணியாளர் “பையைக் காட்டுங்கள்” என்று கேட்டாலும் முகம் சுளிக்க வேண்டாம். அவர் பாதுகாப்பது உங்களை மட்டுமன்று. உங்களுக்குக் கீழே நடந்து செல்லும், நீங்கள் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதரையும் சேர்த்துத்தான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். கைப்பேசி உடைந்தால் வேறொன்று வாங்கலாம். சாவி தொலைந்தால் புதிய பூட்டு மாற்றலாம். மனிதரின் கண்ணுக்கும் உயிருக்கும் மாற்று கிடையாது. அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது, நம் முறை வருவதற்கு முன்பே சட்டைப்பையைக் காலி செய்வோம். அருகில் நிற்கும் நண்பருக்கும் நினைவூட்டுவோம்.

சிந்தித்து விடை கூறுக

1. ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து இறங்கும்போது சட்டைப்பையிலுள்ள பொருள் ஏன் வெளியேறுகிறது? உங்கள் சொந்த நடையில் விளக்குக.

2. தொங்கு வகை ரோலர் கோஸ்டரின் கீழ் நிற்பவர் ஆபத்தை உணராமல் போவதற்கான காரணம் யாது?

3. உங்கள் குழுவில் ஒருவரே எல்லாருடைய பைகளையும் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் குழுத் தலைவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு வழிகளைக் கூறுக.

4. விழுந்த கைப்பேசியை எடுக்க வேலியைத் தாண்ட முயலும் நண்பரை நீங்கள் எவ்வாறு தடுப்பீர்கள்? அவரிடம் கூறுவதை உரையாடலாக எழுதுக.